புரோகிராம் ஓடியது... புரிந்ததா?

எய்ம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட். தமிழ்நாட்டில் இன்ஜினீயரிங் படித்த யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த ஐந்து தலைப்புகளையும் வரிசை மாறாமல் ஒப்பிப்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கோடு போட்ட பக்கத்தில் புரோகிராம். எதிரே வெள்ளைப் பக்கத்தில் பென்சிலால் அவுட்புட். கடைசியில், புரோகிராம் வெற்றிகரமாக இயக்கப்பட்டு விடை சரிபார்க்கப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அந்த வரியை எழுத எதையும் இயக்க வேண்டியதில்லை, எதையும் சரிபார்க்க வேண்டியதில்லை. சீனியரின் நோட்டு கிடைத்தால் போதும்.

தேர்வும் அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு எக்ஸ்பெரிமென்ட். லாட்டில் எது விழுந்தாலும் எழுதும்படி அத்தனையையும் உருப்போட்டு விடலாம். அடைப்புக்குறி முதல் அரைப்புள்ளி வரை மனப்பாடமாக எழுதி, தட்டச்சு செய்து, அவுட்புட் காட்டி, 90-க்கு மேல் வாங்கிய பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களே நான்காம் ஆண்டில் பிளேஸ்மென்ட் தேர்வில் முன்பின் பார்க்காத ஒரு சின்னக் கணக்கைக் கண்டு உறைந்து போகிறார்கள். 'எனக்குக் கோடிங் வராது' என்று அவர்கள் சொல்லும்போது அதைத் தங்கள் குறையாகவே எண்ணிக்கொள்கிறார்கள். அது அவர்களின் குறை அல்ல. அவர்களுக்கு யாரும் அதைக் கற்றுக்கொடுக்கவில்லை.

நன்கு செயல்படும் கல்லூரிகளுக்கு மாணவர் சேர்க்கையில் இருந்த உச்சவரம்பை 2024-25 கல்வியாண்டு முதல் தொழில்நுட்பக் கல்விக் குழுமமான ஏஐசிடிஇ நீக்கிவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸும் அதன் கிளைப் படிப்புகளும் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பெருகிவிட்டன. எந்தக் கல்லூரியில் எத்தனை சீட், கட்-ஆஃப் என்ன, பேக்கேஜ் எவ்வளவு என்று வீட்டுக்கு வீடு பேசுகிறோம். அந்த வகுப்பறைக்குள் முதல் மூன்று மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. எல்லாம் அங்கேதான் தீர்மானமாகிறது.

ஈரோட்டில் பிறந்த ஆசிரியர்

இந்தியாவில் புரோகிராமிங் பாடம் தொடங்கிய கதையில் ஒரு தமிழர் இருக்கிறார். 1963-ல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன் அப்போது அங்கே இளம் ஆசிரியர். கம்ப்யூட்டரைக் கண்ணால் பார்த்தவர்களே அரிதாக இருந்த நாட்டில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் மாணவர்களுக்குப் புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள். நம் மாணவர்கள் வாங்கிப் படிக்கக்கூடிய விலையில் புத்தகம் இல்லை என்பதால் ராஜாராமனே எழுதினார். 1969-ல் வெளிவந்த அந்தப் புரோகிராமிங் நூலும் அதற்குப் பின் அவர் எழுதியவையும் தலைமுறை தலைமுறையாக மாணவர் கைகளில் புரண்டன. இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி கான்பூரில் எம்.டெக். முடித்ததும் அதே 1969-ல்தான். இன்று ஊர்தோறும் இருக்கும் எம்.சி.ஏ. படிப்பு, ராஜாராமன் தலைமையிலான குழு பரிந்துரைத்துப் பிறந்தது.

சென்னைக்கு அந்த விதையைக் கொண்டுவந்தவர் எச்.என்.மகாபலா. கான்பூரில் பாடம் எடுத்த அவர், 1973-ல் ஐபிஎம் 370 வந்திறங்கிய சென்னை ஐஐடிக்கு வந்து, இங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையை உருவாக்கினார்.

அந்தக் காலத்து மாணவருக்குக் கம்ப்யூட்டர் எட்டாத பொருள். புரோகிராமை ஒவ்வொரு வரியாகக் கார்டில் துளையிட்டு, கட்டாகக் கட்டிக் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் திரும்பி வருவது விடை அல்ல, பிழைச்செய்தி. மறுபடி துளையிட்டு, மறுபடி காத்திருக்க வேண்டும். ஆகவே கார்டைக் கொடுப்பதற்கு முன்பே பேப்பரும் பென்சிலும் வைத்துக்கொண்டு, இந்த வரி முடிந்ததும் இந்த மாறியில் என்ன மதிப்பு இருக்கும், அடுத்த வரியில் அது என்ன ஆகும் என்று தானே கம்ப்யூட்டராக நின்று நடத்திப் பார்ப்பார்கள். 'டிரை ரன்' என்று அதற்குப் பெயர்.

கம்ப்யூட்டர் மலிந்தது. விடை நொடியில் வந்தது. டிரை ரன் செய்யும் பழக்கம் நம் வகுப்பறையை விட்டுப் போய்விட்டது. வசதி பெருகியதில் குற்றமில்லை. ஆனால் மெஷினின் போதாமையே அன்று ஆசிரியர் வேலையில் பாதியைச் செய்தது. அதை இழந்த இடத்தில் நாம் வேறு எதையும் வைக்கவில்லை.

ஐந்து எங்கே போனது?

ஒரு சின்ன சோதனை. 'அ' என்ற மாறியில் 5 இருக்கிறது; 'ஆ' என்ற மாறியில் 7 இருக்கிறது. அடுத்து இரண்டு வரிகள்: அ = ஆ; ஆ = அ. இப்போது இரண்டிலும் என்ன இருக்கும்?

முதலாம் ஆண்டு மாணவர்களில் பலர், இரண்டும் இடம் மாறிவிடும், அ-வில் 7, ஆ-வில் 5 என்பார்கள். தவறு. முதல் வரியிலேயே அ-வில் இருந்த 5 அழிந்து அங்கே 7 வந்துவிடுகிறது. இரண்டாம் வரி அந்த 7-ஐத்தான் ஆ-வுக்குக் கொடுக்கிறது. இரண்டிலும் 7. ஐந்து எங்கும் இல்லை. பிள்ளைகள் ஏன் தவறுகிறார்கள்? பன்னிரண்டு வருடக் கணக்குப் பாடத்தில் சமக்குறி என்றால் இரு பக்கமும் சமம். இங்கே அது 'வலப்பக்கத்தை எடுத்து இடப்பக்கத்தில் போடு' என்ற கட்டளை. பள்ளியில் ஒழுங்காகக் கணக்குப் படித்த பிள்ளைக்கே இந்தக் குழப்பம் வரும். இதை அவிழ்க்காமல் அடுத்த வாரம் லூப், அதற்கடுத்த வாரம் ஃபங்ஷன், பிறகு ரிகர்ஷன் என்று பாடம் ஓடினால், அந்தப் பிள்ளை மனப்பாடத்தைத் தவிர வேறு எங்கே போவாள்?

இது நம் ஊர் நோய் மட்டும் அல்ல. 2001-ல் மைக்கேல் மெக்கிராக்கன் தலைமையில் ஒரு பன்னாட்டு ஆய்வு வந்தது. முதல் புரோகிராமிங் பாடத்தை முடித்திருந்த 216 பல்கலைக்கழக மாணவர்களுக்கு எளிய கால்குலேட்டர் போன்ற ஒன்றை எழுதச் சொன்னார்கள். 110 மதிப்பெண்ணுக்குச் சராசரி 22.89. உலகெங்கும் இந்தப் பாடத்தை எடுப்பவர்களை அது உலுக்கியது. 2004-ல் ஆஸ்திரேலியாவின் ரேமண்ட் லிஸ்டரும் அவரோடு பல நாட்டு ஆசிரியர்களும் இன்னும் ஒரு படி கீழே இறங்கிப் பார்த்தார்கள். எழுதத் தெரியாதது இருக்கட்டும், எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிகிறதா? சில வரிப் புரோகிராமைக் கொடுத்து, இது முடியும்போது விடை என்னவாக இருக்கும் என்று கேட்டார்கள். அதிலேயே பலர் தடுமாறினார்கள். கட்டுரை எழுதச் சொல்லிக்கொண்டிருந்தவர்களிடம் பிள்ளைகளுக்கு வாசிக்கவே தெரியவில்லை என்று காட்டிய ஆய்வு அது.

அதன் பாடம் எளியது: எழுத வைப்பதற்கு முன் வாசிக்க வை. நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸ், பட்ரீசியா ஹேடன் என்ற இரு ஆசிரியர்கள் 2006-ல் ஒரு பயிற்சி முறையை வெளியிட்டார்கள். சரியான புரோகிராமின் வரிகளைக் கலைத்துப் போட்டுவிட்டு, ஒழுங்காக அடுக்கச் சொல்வது. தட்டச்சுப் பிழை, இலக்கணப் பிழை எதுவும் குறுக்கே வராது. எந்த வரி எதற்கு முன் வர வேண்டும், ஏன் என்ற யோசனை மட்டுமே மிஞ்சும். கம்ப்யூட்டர் கூட வேண்டாம். தாளில் அச்சடித்துக் கத்தரித்துக் கொடுத்தால் கடைசி பெஞ்சு வரை விளையாடலாம்.

500-ம் 501-ம்

அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தைக் குறை சொல்பவர்கள் பலர். முதல் செமஸ்டர் பைத்தான் பாடத்தைப் பொறுத்தவரை எனக்கு அதில் பெரிய குறை தெரியவில்லை. 2017 ரெகுலேஷனில் எல்லா இன்ஜினீயரிங் பிரிவுகளுக்கும் பொதுவாக அது வந்தது. 2021 ரெகுலேஷனின் லேப் பட்டியலில் முதல் பயிற்சியில் இருந்தவற்றில் சில: மின்கட்டண பில், கடை பில், மோட்டார் பைக்கின் எடை, இரும்புக் கம்பியின் எடை. நம் வீட்டுக்கும் தெருவுக்கும் பக்கத்தில் நிற்கும் கணக்குகள். அந்த முதல் வரியில் ஒரு தங்கச் சுரங்கமே இருக்கிறது.

மின்கட்டண பில்லை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான ரெக்கார்டுகளில் இது ஐந்தாறு வரி. யூனிட்டை வாங்கு, ஏதோ ஒரு கற்பனை விகிதத்தால் பெருக்கு, அச்சிடு. மாறாக, வீட்டு ஈபி கார்டைக் கொண்டு வரச் சொன்னால் வகுப்பு எப்படி மாறும் என்று பாருங்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு. முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொண்டால், 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். ஆக 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் என்ன ஆகும்? அந்த 501-வது யூனிட்டின் விலை 8 ரூபாய். எனவே 1,733 என்று மாணவர் எழுதிய புரோகிராம் சொல்லும். எரர் எதுவும் வராது, அழகாக ஓடும். ஆனால் 500-ஐத் தாண்டியவருக்கு விகிதப் பட்டியலே வேறு. 101-வது யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய் என்று கணக்கு மாறுகிறது. சரியான விடை 1,958 ரூபாய். ஒரு யூனிட்டில் 233 ரூபாய் ஏறுகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் நிற்க வேண்டும். விரைந்து அடுத்த எக்ஸ்பெரிமென்டுக்குப் போகக் கூடாது. ஓடுகிற புரோகிராம் எப்படித் தவறாக இருக்க முடியும்? எந்த எண்களைக் கொடுத்துப் பார்த்திருந்தால் தவறு முன்பே தெரிந்திருக்கும்? 50-ம் 300-ம் கொடுத்துப் பார்த்தவருக்கு அது தெரியவே தெரியாது. 100, 101, 500, 501 என்று எல்லைகளில் நின்று பார்த்தவருக்கு உடனே தெரியும். பூஜ்யம் கொடுத்தால்? பூட்டிக் கிடந்த வீட்டுக்கு? தவறுதலாகக் கழித்தல் எண் வந்தால்? பிறகு விகிதம் உயர்ந்ததே, எண்களைப் புரோகிராமுக்குள் ஆங்காங்கே தூவி எழுதியவர் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும், ஒரே இடத்தில் வைத்தவர் எத்தனை இடத்தில் திருத்த வேண்டும்? நிறுவனங்களில் டெஸ்டிங் என்றும் மெயின்டனன்ஸ் என்றும் பெரிய வேலையாக நடப்பதன் விதை முழுதும் இந்த ஒரு பில்லில் இருக்கிறது. மூன்று வாரம் இதிலேயே செலவிட்டாலும் நஷ்டமில்லை. விடையைச் சரிபார்க்க ஆசிரியரின் தயவும் வேண்டாம். வீட்டில் ஆணியில் மாட்டியிருக்கும் கார்டு போதும்.

ரெக்கார்டின் கடைசி வரியில் வரும் 'சரிபார்க்கப்பட்டது' என்ற சொல்லுக்கு அப்போதுதான் பொருள் வரும்.

ஒரே வகுப்பில் இரண்டு தொடக்கம்

முதல் நாள் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஆறாம் வகுப்பிலிருந்தே கோடிங் கிளாஸ் போனவர், வீட்டில் சொந்த லேப்டாப் வைத்திருப்பவர். இன்னொருவர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வந்தவர். அந்த ஒதுக்கீடு 2021-ல் இன்ஜினீயரிங் உள்ளிட்ட தொழிற்கல்விக்கு விரிந்தது; அதனால் இந்த வகுப்பறைக்குள் கால் வைத்த முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்திருந்தால் அவர் பைத்தானைத் தமிழிலேயே படித்திருப்பார். உயிரியல் குரூப் என்றால் அதுவும் இல்லை.

ஆசிரியர் கேள்வி கேட்டு முடிப்பதற்குள் முதலாமவர் விடை சொல்லிவிடுவார். அதை நான்கு முறை கேட்டபின், தனக்கு இது வராது என்ற முடிவுக்கு இரண்டாமவர் வந்துவிடுவார். முன்பழக்கத்தைத் திறமை என்று எண்ணி அந்தப் பிள்ளை ஏமாறுகிறது. பல நேரம் ஆசிரியரும் ஏமாறுகிறார்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் ஹார்வி மட் கல்லூரி இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்தித்தது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்களில் பத்தில் ஒருவரே பெண் என்ற நிலை. 2006-ல் கணினியியல் அறிஞர் மரியா கிளாவே அதன் தலைவரானார். முதல் பாடத்தை ஆசிரியர்கள் மாற்றி எழுதினார்கள். ஜாவாவை எடுத்துவிட்டுப் பைத்தானைக் கொண்டுவந்தார்கள். மொழியின் நுணுக்கங்களை விட்டு, கம்ப்யூட்டரால் எதையெதைத் தீர்க்கலாம் என்பதை முன்னே வைத்தார்கள். முக்கியமாக, முன்பே புரோகிராமிங் தெரிந்தவர்களையும் புதியவர்களையும் தனித்தனி வகுப்புகளாகப் பிரித்தார்கள். வகுப்பில் எல்லாம் தெரிந்தவராகப் பேசி மற்றவரை வாயடைக்க வைப்பவர்களை ஆசிரியர்கள் தனியே அழைத்து அன்பாகப் பேசி நிறுத்தினார்கள். சில ஆண்டுகளிலேயே பெண்களின் பங்கு 40 சதவீத அளவை எட்டியது. யாரையும் எளிதாகத் தேறவிட்டு வந்த எண்ணிக்கை அல்ல அது. தொடக்கத்தைச் சீராக்கினார்கள், அவ்வளவுதான்.

நம் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் பெண் பிள்ளைகள் நிறைந்திருக்கிறார்கள். அந்தக் கவலை நமக்கு இல்லை. ஆனால் ஊரும் பள்ளியும் வீட்டு வசதியும் பிரிக்கும் கோடு நம் வகுப்பின் நடுவே ஓடுகிறது. இரண்டு செக்‌ஷன் இருக்கும் கல்லூரி எதுவும் அப்படிப் பிரித்துக் கற்பிக்க முடியும். செலவு இல்லை. 'ஸ்லோ லேர்னர்' என்று முத்திரை குத்தாமல் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.

இன்னொரு வழியும் இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே. சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தில் இளநிலை மாணவர்களுக்கு முதல் புரோகிராமிங் மொழி ஹாஸ்கல். பள்ளியில் பைத்தானோ சி++-ஓ படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அது ஒன்றுபோலப் புதிது. எல்லோரும் ஒரே கோட்டிலிருந்து புறப்படுகிறார்கள். அந்தக் கழகத்தின் மாதவன் முகுந்த், சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழிப் பட்டப்படிப்பில் 'கம்ப்யூட்டேஷனல் திங்கிங்' பாடத்தை ஜி.வெங்கடேஷோடு சேர்ந்து எடுக்கிறார். ஜேஇஇ எழுதாதவரும் சேரக்கூடிய படிப்பு அது. அந்தப் பாடத்தில் முதலில் கம்ப்யூட்டரே வருவதில்லை. மாணவர்களின் மதிப்பெண், கடை பில், ஒரு பத்தியின் சொற்கள் என்று கட்டுக்கட்டாக அட்டைகள். ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்த்து, அதிகபட்சம் எது, சராசரி என்ன என்று கையால் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்குகிறது. லூப், மாறி, நிபந்தனை எல்லாம் விரல்களுக்குப் பழகிய பிறகே பைத்தான் வருகிறது.

சாட்ஜிபிடி வந்த பின்

2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வெளியானது. அதற்கு முன் சீனியரின் நோட்டைத் தேடியவர்கள் இப்போது கைபேசியைத் தட்டுகிறார்கள். முதலாம் ஆண்டு ரெக்கார்டில் உள்ள அத்தனை புரோகிராமையும் அது கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும். இனி கோடிங் எதற்குக் கற்க வேண்டும் என்ற கேள்வியைப் பெற்றோரும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

என் பதில் ஒன்றே. அது எழுதித் தந்த மின்கட்டணப் புரோகிராம் 501 யூனிட்டுக்கு 1,733 என்று சொன்னால், அது தவறு என்று கண்டுபிடிக்கப் போவது யார்? எழுதும் வேலை மெஷினுக்குப் போகப் போக, வாசித்து, சந்தேகப்பட்டு, எல்லையில் நின்று சோதிக்கும் வேலை மனிதருக்குக் கூடுகிறது. நம் வகுப்பறை கற்றுத்தராமல் விட்டது சரியாக அதைத்தான்.

சாட்ஜிபிடியைத் தடை செய்து பயனில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் மேலன் நடத்தும் சிஎஸ்50 பாடத்தில் 2023-ல் ஒரு செயற்கை நுண்ணறிவு உதவியாளரை வைத்தார்கள். விடையை நேரே கொடுக்காமல், எங்கே பார்க்க வேண்டும் என்று வழிகாட்டும்படி அமைத்தார்கள். மேசைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, அதற்குத் தன் புரோகிராமை வரிவரியாக விளக்கிச் சொல்லியே பிழையைக் கண்டுபிடிக்கும் பழக்கம் புரோகிராமர்களிடம் உண்டு. அதனால் அந்த உதவியாளரும் வாத்து. நம் லேபில் வாத்து வேண்டாம், பக்கத்து சிஸ்டத்தில் இருக்கும் தோழி போதும். இருவருக்கு ஒரு கம்ப்யூட்டர் கொடுத்து, ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் ஏன் இந்த வரி என்று கேட்க வைத்தாலே பாதிக் கற்றல் நடந்துவிடும்.

ஆசிரியர் கையில் இருக்கும் 60

பழியை ஆசிரியர்மேல் இறக்கிவைப்பது சுலபம். அது நியாயமும் அல்ல. அவர்களில் பலரும் இதே ரெக்கார்டு நோட்டில் கற்று வந்தவர்கள். முதலாம் ஆண்டு வகுப்பு, துறையிலேயே இளையவரிடம், பல நேரம் மிகக் குறைந்த சம்பளம் வாங்குபவரிடம் தள்ளப்படுகிறது. அட்மிஷன் காலத்தில் பள்ளி பள்ளியாக மாணவர் பிடிக்கப் போவதும், நாக் தர மதிப்பீட்டு ஃபைலுக்குச் சான்று திரட்டுவதும் அவரே. இந்த நிலையை மாற்ற வேண்டியது நிர்வாகம். இறுதியாண்டுப் பயிற்சிக்கு வெளியாட்களுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை முதலாம் ஆண்டு ஆசிரியருக்குக் கொடுத்தால், இறுதியாண்டில் ஒட்டுப்போடும் வேலையே குறையும். துறையின் மிகச் சிறந்த ஆசிரியர் முதல் செமஸ்டருக்குத்தான் போக வேண்டும்.

இருந்தாலும், ஆசிரியருக்கு அதிகாரமே இல்லை என்பதும் சரியல்ல. 2021 ரெகுலேஷன்படி லேப் பாடத்தில் இன்டர்னல் 60, பல்கலைக்கழகத் தேர்வு 40. அந்த 60-ஐ எதற்குக் கொடுப்பது என்பது பெரும்பாலும் கல்லூரிக்குள் முடிவாவது. நோட்டின் அழகுக்கும் அட்டை போட்டதற்கும் கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஆளுக்கு ஐந்து நிமிட வைவாவுக்குக் கொடுக்கலாம். நீ எழுதியதோ கைபேசி எழுதியதோ, உன் திரையில் இருக்கும் இந்த வரியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? இந்த 500-ஐ 400 ஆக்கினால் என் வீட்டு பில் எவ்வளவு? 30 பேர் கொண்ட பேட்சுக்கு இரண்டரை மணி நேரம். செமஸ்டருக்கு மூன்று முறை இப்படி உட்கார்ந்தால் யாருக்குப் புரிந்தது, யாருக்குப் புரியவில்லை என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். ரெக்கார்டு எழுதத்தான் வேண்டும் என்றால், ரிசல்ட் என்ற தலைப்பை மாற்றி, எனக்கு வந்த எரர் எது, அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்று நான்கு வரி எழுதச் சொல்லுங்கள். சீனியரின் நோட்டிலிருந்து அதைக் காப்பியடிக்க முடியாது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கவுன்சலிங்குக்கு முன் கல்லூரியைப் பார்க்கப் போகும்போது, வரவேற்பறையில் மாட்டியிருக்கும் பிளேஸ்மென்ட் போர்டோடு திரும்பி வராதீர்கள். முதல் செமஸ்டர் புரோகிராமிங் வகுப்பை யார் எடுக்கிறார், அவருக்கு எத்தனை வருட அனுபவம், மாலை ஐந்து மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா, கோடிங்கே தெரியாமல் வரும் பிள்ளைக்கு என்ன ஏற்பாடு வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத கல்லூரியில் உங்கள் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.